டியூட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு: வார்டுக்குள்ளேயே மனசைக் காத்துக்கொள்வது எப்படி

போன ஆடி மாதம் ஒரு காலையில், நைட் டியூட்டி முடிந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். நல்ல சாரல். என் வார்டில் சேர்ந்து பதினான்கு மாதமான பிள்ளை ஒருத்தி பக்கத்தில் நின்றாள். கையில் கட்டன் சாயா ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கவில்லை. “அக்கா, ராத்திரி அந்தப் பாட்டி இறந்தாங்கல்லா, எனக்கு ஃபைலை முடிக்கணுமே என்கிற நினைப்பு மட்டும்தான் வந்துச்சு. அழுகை வரல. ஒண்ணும் வரல. நான் கெட்டவளா மாறிட்டேனா?” என்று கேட்டாள்.

“இல்ல மக்களே, நீ தளர்ந்து போயிருக்கே” என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தப் பயணத்திலும் அதற்குப் பிந்தைய மாதங்களிலும் அவளிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இப்போதுதான் நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

அவள் சொன்ன அந்த மரத்துப்போன நிலைக்கு ஒரு பெயர் உண்டு. பர்ன்அவுட் என்றால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது. உடம்பும் மனசும் ஒட்டச் சோர்ந்துபோவது, வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பு தட்டுவது, நம்மால் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை என்று தோன்றுவது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வருவது என்றார்கள். வேலையிடத்து அழுத்தம் என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வையுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

நான் 1993-இல் ஜெனரல் நர்சிங் முடித்தவள். எங்கள் வீடு அய்யாவழி, அய்யா வைகுண்டரின் வழியில் போகிறவர்கள்; படித்தது மிஷன் ஆஸ்பத்திரி ஸ்கூலில். காலையில் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு ஜெபக்கூட மணிக்கு வரிசையில் போய் நிற்பேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு ஆறு வருடம் மஸ்கட்டில் வேலை. திரும்பி வந்து இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே மூன்று ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டேன். போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்கும்போது வேலையிட ஆன்மிகம் என்ற தலைப்பில் ஒரு பாடம் எடுத்தார்கள். 2000-இல் ஆஷ்மோஸ், டச்சோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அர்த்தமுள்ள வேலை அதற்கு உணவாகிறது, கூட நிற்கும் மனிதர்களோடு சேர்ந்துதான் அது நடக்கிறது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இதில் சாமி பெயரே வரவில்லை, ஆனாலும் என் பாட்டி எங்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் உட்கார்ந்து பேசியதற்கு மிக அருகில் இருந்தது.

சரி, செய்வது எப்படி?

கை கழுவுவதிலிருந்து ஆரம்பியுங்கள்

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நர்ஸுகளுக்காகத் தியான வகுப்பு வைத்தார்கள். இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் நைட் முடித்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், மார்னிங் டியூட்டிக்காரர்களுக்கு வார்டை விட்டு வரவே முடியவில்லை. இரண்டாம் மாதம் வகுப்பு நின்றுபோனது. அதிலிருந்து நான் கற்றது, நர்ஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் எதுவும் நிலைக்காது என்பதுதான். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்குள் அதை வைத்துவிட வேண்டும்.

கை கழுவாமல் நம் வேலை இல்லை. நோயாளியைத் தொடுமுன், தொட்டபின் என்று ஐந்து தருணங்களைப் பாடமாகவே படித்திருக்கிறோம். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஒரு ஷிப்டில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை அரை நிமிடமும் யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாதவை, ஏனென்றால் அது டியூட்டி.

நான் செய்வது இப்படி. உள்ளங்கைகள் சேரும்போது அந்தக் குளிர்ச்சியை மட்டும் கவனிப்பேன். புறங்கை, விரல் இடுக்கு வரும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுவேன், இழுத்ததைவிட நீளமாக. கட்டைவிரலைத் தேய்க்கும்போது இப்போது விட்டு வந்தவரின் பெயரை மனசுக்குள் சொல்வேன். விரல் நுனிகளை உள்ளங்கையில் தேய்க்கும்போது அடுத்துப் போகப்போகிறவரின் பெயர். அவ்வளவுதான். முதலாமவரிடம் பட்ட கோபமோ பயமோ இரண்டாமவரின் படுக்கைக்கு வராமல் இந்த இரண்டு பெயர்களும் தடுத்துவிடுகின்றன. பெயரோடு ஒரு சொல்லும் சேர்க்க வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள். எனக்கு ‘அய்யா உண்டு’. என்கூட இருந்த ஒருத்தி ‘இயேசுவே’ என்பாள், இன்னொருத்தி ‘பிஸ்மில்லாஹ்’ என்பாள். சாமி நம்பிக்கை இல்லாத பையன் ஒருவன் வெறும் மூச்சை மட்டும் எண்ணுவான், அவன் கைக்கும் அதே அமைதி வந்தது. எதுவானாலும் வாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் வாரம் மறந்து மறந்து போகும். ஷிப்டுக்கு மூன்று தடவை நினைவாகச் செய்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் தண்ணீர்ச் சத்தமே ஞாபகப்படுத்திவிடும்.

டியூட்டி ரூம் வாஷ்பேசினுக்கு மேலே பெரும்பாலும் ஒரு கண்ணாடி இருக்கும். அய்யாவழியின் தலைமைப் பதியான சாமிதோப்புப் பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கிறது. முன்னால் போய் நின்றால் உங்கள் உருவம்தான் தெரியும். சிறுபிள்ளையில் பாட்டி கூட்டிக்கொண்டு போனபோது, “சாமி எங்க பாட்டி?” என்று கேட்டதற்கு, “நல்லா பாரு” என்றாள். அதை நான் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு எடுத்துக்கொண்டேன். டியூட்டிக்குள் போகுமுன் ஐந்து விநாடி என் கண்ணை நானே பார்ப்பேன். கண் சிவந்திருக்கிறதா, காலையில் சாப்பிட்டேனா, வீட்டில் நடந்த சண்டை இன்னும் முகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். நோயாளியிடம் நாடி, பிரஷர் என்று வைட்டல்ஸ் எடுக்குமுன் நம்முடையதை ஒரு தடவை எடுத்துக்கொள்ள வேண்டாமா?

ஹேண்டோவரில் ஒரு வரி கூடுதலாக

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். வேலை அர்த்தமற்றுப் போவது முதலில் பேச்சில்தான் தெரியும். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் இப்படித்தான் சொல்வோம்: “பெட் 14 ஹெர்னியா, செகண்ட் டே, டிரெயின் இருக்கு, ஆன்டிபயாட்டிக் ராத்திரி பத்துக்கு.” எல்லாம் சரி, எல்லாம் தேவை. ஆனால் அப்படியே ஒரு வருடம் பேசினால் மனிதர்கள் மறைந்து பெட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மனிதர்களே இல்லாத இடத்தில் எட்டு மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் மனசு வறளாது?

ஒவ்வொரு நோயாளிக்கும் கேஸ் ஷீட்டில் இல்லாத ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே வரி போதும்.

சுருளகோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். மூன்றாம் நாளும் அப்படியே. நைட் பிள்ளைகள் பயந்துபோய், “அவருக்குச் சுயநினைவு தடுமாறுது, கட்டிப்போடலாமா” என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, வீட்டுல என்ன வேலை?” என்று கேட்டேன். ரப்பர் பால்வெட்டு. முப்பது வருடமாக மூன்று மணிக்கு எழும்பித் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். அவருக்குத் தடுமாற்றமே இல்லை, உடம்பு பழகிய நேரத்தில் எழும்புகிறது. அன்றிலிருந்து ஹேண்டோவர் நோட்டில் ‘பால்வெட்டுகாரர், மூன்று மணிக்கு எழும்புவார், பாத்ரூம் கூட்டிப்போய் வெந்நீர் கொடுக்கவும்’ என்று எழுதினோம். அவர் விழவில்லை, பிள்ளைகளுக்கும் பயம் விட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மட்டிப்பழக் குலை ஒன்றைக் கொண்டுவந்து டியூட்டி ரூமில் வைத்துவிட்டுப் போனார்.

எப்படிக் கேட்பது என்று புதியவர்கள் தயங்குவார்கள். கேனுலா போட நரம்பு தேடும்போது கேளுங்கள். கை நம்மிடம் இருக்கும், அவர்களுக்கும் பயத்திலிருந்து கவனம் திரும்பும். “எந்த ஊரு, வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, ராத்திரி படுக்குமுன்ன என்ன பண்ணுவீங்க?” இந்த மூன்றாவது கேள்வியில்தான் ஜெபமாலை, சந்தனம், இஷா தொழுகை, பேரப்பிள்ளைக்குப் போன் எல்லாம் வெளியே வரும். ஒருவருடைய மதத்தை நேராகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும்.

ஒரு மரணத்துக்குப் பிறகு

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் உடனே கலைந்து போகாமல் சிறிது நேரம் மௌனமாக நிற்பது. ஜெபம் என்று சொல்வதில்லை, மௌனம் மட்டும். அவரவர் அதற்குள் தம் வழியில் எதையாவது வைத்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டபோது, நம் ஊரில் துட்டி வீட்டுக்குப் போனால் வாசலில் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்போமே, அது ஞாபகம் வந்தது.

டாக்டர் சொல்லி முடித்து, டியூபையும் கதீட்டரையும் எடுக்கத் தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். யாராவது ஒருவர் பேச வேண்டும். ஆயாம்மா பேசினாலும் நல்லதுதான். நான் சொல்வது: “இவங்க பேரு இது. பதினொரு நாள் நம்ம கூட இருந்தாங்க. நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம். ஒரு நிமிஷம் பேசாம நிப்போம்.” ஃபோன் அடித்தால் அடிக்கட்டும். அதற்குள் மற்ற நோயாளிக்கு அவசரம் என்றால் ஒருவர் போகலாம், மற்றவர்கள் நிற்கலாம்.

பிறகு கூட இருப்பவர்களிடம், “நாங்க எதையாவது தொடுமுன்ன உங்க வழக்கப்படி செய்ய வேண்டியது இருக்கா?” என்று கேளுங்கள். ஊகிக்காதீர்கள். சிலர் பாதிரியாரையோ பாஸ்டரையோ கூப்பிட நேரம் கேட்பார்கள். சிலர் முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திருப்பச் சொல்வார்கள், குளிப்பாட்டுவதைத் தாங்களே செய்ய வேண்டும் என்பார்கள். சிலர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும் என்பார்கள். தாடையைக் கட்டுவதும் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் எப்படியும் நம் வேலையில் உண்டு. என் பாட்டி ஊர் வீடுகளில் செய்ததைத்தான் நான் நர்சிங் பாடத்தில் படித்தேன்.

அழுகை வந்தால் லினன் ரூமில் போய் அழுங்கள். வராவிட்டால் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

‘ஜெபம் பண்ணு, சரியாகும்’

முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, வேலையிடத்து அழுத்தம், இப்போது அந்தக் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். பல வருடத்துக்கு முன், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எட்டாவது நாளாகத் தொடர்ந்து நைட். முப்பத்தெட்டுப் பெட், இரண்டு பேர். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மரணம். அதை முடித்து ஆறு மணி இன்சுலினுக்கு வந்தேன். 9-ஆம் பெட்டுக்கு எடுத்த ஊசியைக் கொண்டு 11-ஆம் பெட்டின் பக்கத்தில் நின்றேன். “சிஸ்டர், எனக்குச் சர்க்கரை கிடையாதே” என்று அந்த மனுஷர் சொன்னதால் தப்பித்தோம். என் கை நடுங்கியது ஒரு வாரம் நிற்கவில்லை.

மேலே இருந்தவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மூன்றாவது ஆள் வேண்டும் என்றேன். “இது சேவை, சிஸ்டர். நீங்க ஜெபம் பண்ணுங்க, பலம் வரும்” என்று பதில் வந்தது.

நான் ஜெபிக்கிறவள்தான். அதனால்தான் அந்தப் பதில் அவ்வளவு வலித்தது. நம் மாவட்டத்தில் சேவை என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் நெய்யூருக்கு வந்து மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த ஆங்கிலேய சர்ஜன் சோமர்வெல் நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வாழ்க்கையை விட்டு வந்து வருடக்கணக்கில் ஆபரேஷன் செய்தார். அவரவர் தம் விருப்பத்தால் கொடுத்ததுதான் சேவை. ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எது சரி என்று தெரிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனைக்கு 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் ‘மாரல் டிஸ்ட்ரஸ்’ என்று பெயர் வைத்தார். இதற்குத் தியானம் மருந்தாகாது. இதற்குச் செய்ய வேண்டியவை வேறு:

தொடர்ச்சியாக எத்தனை நைட், எத்தனை பெட்டுக்கு எத்தனை பேர் என்று ஒரு சின்ன டைரியில் தேதியோடு எழுதி வையுங்கள். தப்பு நடக்கவிருந்து தப்பித்தாலும் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். தனியாகப் போய்ப் பேசாதீர்கள், மூன்று பேர் சேர்ந்து போங்கள். பேசும்போது அழுகையைவிட எண்களை முன்னால் வையுங்கள். இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் வைத்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அமைந்த குழு 2016-இல், 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனைகள் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றும், 50-க்குக் குறைவானவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் பரிந்துரைத்தது. சர்வதேச நர்ஸுகள் மன்றம் 2021-இல் திருத்திய நெறிமுறையில், நர்ஸ் தன் சொந்த நலத்தையும் மதிக்க வேண்டும் என்றே இருக்கிறது. இவையெல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்தால் குரல் தானாக நிமிரும்.

நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டேன். அதற்காக வருத்தமில்லை.

இன்சார்ஜ் அக்காமாருக்கு

ஒரு மூலை ஒதுக்குங்கள். எங்கள் வார்டில் லினன் ரூமின் ஜன்னலோரம். ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு குடம் தண்ணீர். படம், சிலை, சிலுவை எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஃபோன் கூடாது, ஏன் உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த இடத்தில் வைத்து எந்தப் பிள்ளையையும் திட்டக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

எந்த மத ஜெபத்துக்கும் யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். 1982-இல் மண்டைக்காட்டில் கலவரம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. நேற்றுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் கோரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்தவள் நான். நம் வார்டில் எல்லாச் சாமியும் அவரவர் மனசுக்குள் பத்திரமாக இருக்க வேண்டும்.

அப்புறம், ரோஸ்டர். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கு மாசி 20, மண்டைக்காட்டுக் கொடை, ரம்ஜான், கிறிஸ்துமஸ், திருக்கார்த்திகை. வருடத் தொடக்கத்திலேயே இவற்றை ஒரு தாளில் எழுதி, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி நான் நிற்பேன், மாசி 20-க்கு எனக்காக இன்னொருத்தி நிற்பாள். இருபது வருடமாக இப்படித்தான் போகிறது. எந்த வகுப்பும் செய்யாத அளவுக்கு இது எங்களை ஒட்டவைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது

பஸ்ஸில் வார்டு வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள். நைட் முடிந்தால் குளித்து, சூடாகக் கொஞ்சம் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட்டு, ஜன்னலை இருட்டாக்கிப் படுங்கள். விடியற்காலைச் சாயாவைத் தவிருங்கள், தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு பெட்ஷீட்டை ஜன்னலில் மாட்டினாலே போதும். நைட் டியூட்டிக்காரி பகலில் தூங்குவது சோம்பேறித்தனம் என்று மாமியார் நினைத்தால், ரோஸ்டரைப் பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், எனக்கு அது வேலை செய்தது.

இவை எல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால், அது மூச்சுப் பயிற்சிக்குள் அடங்கும் விஷயம் அல்ல. டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இந்த எண்ணை எங்கள் டியூட்டி ரூம் அலமாரியின் உள்பக்கக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வெளியே ஒட்டினால் எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். உள்ளே என்றால் பை எடுக்கும்போது யாரும் பார்க்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டில் கேட்ட அந்தப் பிள்ளை இரண்டு வாரம் லீவு எடுத்தாள், ஒரு டாக்டரிடம் பேசினாள், திரும்பி வந்தாள். இன்னும் சில நாள் சோர்வாகத்தான் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை காலை நான் ஹேண்டோவர் வாங்கும்போது அவள் கையெழுத்தில் நோட்டில் இருந்தது: “பெட் 22. மகன் குவைத்தில். வெள்ளி ராத்திரி எட்டுக்குக் கூப்பிடுவான். அம்மாவுக்குச் சார்ஜ் போடத் தெரியாது, ஏழு மணிக்கே போட்டு வைக்கவும்.”